மூன்று ஊசி போட்டும் வந்த கக்குவான்: உசிலம்பட்டிப் பக்கத்து நிகழ்வு ஆய்வு

பிறந்து 31 நாளான ஆண் குழந்தை ஒன்று, ஐந்து நாளாக அடுக்கடுக்காக வந்த இருமலுக்காகவும், முந்தைய இரவில் இரண்டு முறை உடல் நீலம் பாரித்ததற்காகவும், உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து 108 வண்டியில் மதுரைக்குக் கொண்டுவரப்பட்டது. நிறைமாதக் குழந்தை, பிறந்தபோது எடை 2.8 கிலோ, சுகப்பிரசவம். முதல் இரண்டரை வாரம் தாய்ப்பால் நன்றாகக் குடித்து எடையும் கூடியிருக்கிறது. காய்ச்சல் ஒரு நாளும் இல்லை. உடன் வந்த அம்மாச்சி முதலில் சொன்னது இது: “மாசமா இருக்கும்போது ரெண்டு ஊசி, பிள்ளை பெத்தப்புறம் ஒரு ஊசி, மூணும் போட்டாச்சு டாக்டரம்மா. கார்டுலயே இருக்கு.”

கார்டில் அப்படித்தான் இருந்தது. இந்த ஆய்வை எழுதத் தூண்டியதும் அந்த மூன்று ஊசிகளே. இங்கே வரும் குடும்பம், இத்தகைய குழந்தைகளின் வீடுகளில் வழக்கமாகக் காணப்படுவனவற்றை ஒரே வீட்டில் சேர்த்துக் கற்பித்தலுக்காக அமைக்கப்பட்டது. நாள் கணக்கும் இரத்த எண்ணிக்கையும் அந்த அமைப்பைச் சேர்ந்தவை. நோய், மருந்து, தடுப்பூசி பற்றிய செய்திகள் உள்ளபடி தரப்பட்டுள்ளன.

வந்தபோது இருந்த நிலை

சேர்த்த நேரத்தில் குழந்தை அமைதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது. மூச்சு எண்ணிக்கை இயல்பாக இருந்தது, நெஞ்சில் இரைச்சல் இல்லை, ஆக்சிஜன் அளவும் 97 விழுக்காடு. ஓர் இருமலுக்கும் அடுத்த இருமலுக்கும் இடையில் பார்த்தால் நோயே இல்லாத குழந்தைபோல் தோன்றுவது கக்குவானின் இயல்பு. வெளிநோயாளர் பிரிவின் நெரிசலில் இத்தகைய குழந்தைகள் மூக்குச் சொட்டு மருந்தோடு வீட்டுக்குத் திரும்பிவிடுவதும் அதனால்தான். இந்தக் குழந்தையும் நான்கு நாளைக்கு முன் அப்படித்தான் திரும்பியிருந்தது.

நோயைக் காட்டிக்கொடுத்தது குழந்தையின் மாமன் கைப்பேசியில் எடுத்து வைத்திருந்த ஒரு நிமிடத்துக்கும் குறைவான காணொளி. மூச்சு வாங்க இடைவெளியே இல்லாமல் சின்னச் சின்ன இருமல்கள் தொடர்ந்து வருகின்றன. முகம் சிவந்து, பிறகு கறுத்து, நாக்கு வெளியே தள்ளுகிறது. கடைசியில் பெரிய பிள்ளைகளுக்கு வருவதுபோல் கூவலோடு மூச்சை உள்ளிழுக்கும் ஒலி வரவில்லை. குழந்தை துவண்டுபோகிறது, உதட்டைச் சுற்றி நீலம் படர்கிறது, யாரோ உள்ளங்காலைத் தட்டியபின் அழுகிறது. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அந்தக் கூவல் ஒலி பெரும்பாலும் இருக்காது. மூச்சு நின்றுபோவதே முதல் அறிகுறியாக வருவதும் உண்டு. கூவலை எதிர்பார்த்துக் காத்திருக்கும் மருத்துவர் இந்த வயதில் நோயைத் தவறவிடுவார்.

அதற்குமுன் வீட்டில் நடந்தவை வழக்கமானவையே. சளி கட்டியிருக்கிறது என்று வசம்பைச் சுட்டு உரைத்துத் தடவியிருக்கிறார்கள். உரம் விழுந்திருக்கும் என்று உரம் எடுக்கும் பாட்டியிடம் கொண்டுபோயிருக்கிறார்கள். தெருவில் கழுதையை ஓட்டிக்கொண்டு வந்தவரிடம் கழுதைப்பால் வாங்கி ஒரு சங்கு புகட்டியிருக்கிறார்கள். முதலிரண்டைப் பற்றி இங்கே சொல்வதற்கு அதிகமில்லை. கழுதைப்பாலைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும்: காய்ச்சாத பால், இருமல் வரும் நேரத்தில் சங்கால் வாயில் ஊற்றப்பட்டால், மூச்சுக்குழலுக்குள் போவதற்கு எல்லா வாய்ப்பும் உண்டு. அது கக்குவானுக்கு மருந்து என்னும் நம்பிக்கை நம் பக்கத்தில் இன்னும் வலுவாக இருக்கிறது. இந்த வீட்டில் அதன் பெயரால் இரண்டு நாள் கழிந்தது.

கண்டறிந்த விதம்

இரத்தத்தில் வெள்ளணுக்களின் எண்ணிக்கை 38,000ஐத் தாண்டியிருந்தது. அவற்றுள் முக்கால் பங்குக்கு மேல் நிணநீர் அணுக்கள். காய்ச்சலே இல்லாத ஒரு மாதக் குழந்தைக்கு இருமலும் இந்த எண்ணிக்கையும் சேர்ந்து வந்தால் வேறு எதையும் தேடுவதற்கு முன் கக்குவானை நினைக்க வேண்டும். 1906இல் போர்டே, ஷாங்கு என்னும் இருவர் பிரித்தெடுத்த போர்டெடெல்லா பெர்டுசிஸ் என்னும் பாக்டீரியா சுரக்கும் நச்சு, நிணநீர் அணுக்களை இரத்தத்திலிருந்து நிணநீர்க் கணுக்களுக்குத் திரும்பவிடாமல் தடுக்கிறது. அதனால் அவை இரத்தத்திலேயே பெருகிக் குவிகின்றன. எண்ணிக்கை மிக உயர்ந்தால் நுரையீரலின் நுண்ணிய இரத்தக் குழாய்களை அடைத்து, நுரையீரல் இரத்த அழுத்தத்தை ஏற்றி, இதயத்தையே தோற்கடிக்கும். கக்குவானால் இறக்கும் பச்சிளம் குழந்தைகளுள் பலரின் மரணத்துக்கு வழி இதுதான். ஆகவே அந்த எண்ணிக்கை நோயின் அடையாளமாக மட்டுமல்லாமல் அதன் கடுமையை அளக்கும் கோலாகவும் பயன்படுகிறது.

மூக்கின் பின்புறத்திலிருந்து எடுத்த சளியில், கிருமியின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். பரிசோதனை நோயை உறுதிசெய்தது. மாதிரி எடுக்கப் பஞ்சு சுற்றிய குச்சி கூடாது, செயற்கை இழைக் குச்சியே வேண்டும் என்பதை இங்கே குறித்துவைப்பது நல்லது. பஞ்சிலுள்ள சில பொருள்கள் இந்தக் கிருமிக்கு ஒவ்வாதவை என்பதால், கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை பொய்த்துப்போகும்.

சிகிச்சை

அசித்ரோமைசின், கிலோவுக்கு 10 மி.கி. வீதம், நாளுக்கு ஒரு வேளை, ஐந்து நாள். பழைய மருந்தான எரித்ரோமைசின் ஒரு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இரைப்பையிலிருந்து குடலுக்குத் திறக்கும் வாயின் தசை தடித்து அடைத்துக்கொள்ளும் ஆபத்தைக் கூட்டுகிறது என்பதால் இந்த வயதில் தவிர்க்கப்படுகிறது. மற்றவை பராமரிப்பைச் சேர்ந்தவை: மூக்குக் குழாய் வழியே ஆக்சிஜன், குழாய் மூலம் சிறிது சிறிதாகப் பிழிந்த தாய்ப்பால், மங்கலான வெளிச்சம், தேவையின்றித் தொடாமை. இருமல் சிரப் எதுவும் தரப்படவில்லை. வெள்ளணு எண்ணிக்கை 12 மணி நேரத்துக்கு ஒரு முறை பார்க்கப்பட்டது. மூன்றாம் நாளில் 52,000 வரை ஏறிப் பின் இறங்கியது. இதயத்தின் எக்கோ பரிசோதனையில் நுரையீரல் அழுத்தம் உயரவில்லை. எண்ணிக்கை இன்னும் ஏறியிருந்தால் இரத்தத்தையே மாற்றியேற்ற வேண்டியிருந்திருக்கும்.

பன்னிரண்டாம் நாள் குழந்தை வீடு திரும்பியபோதும் இருமல் நிற்கவில்லை. கிருமி தன் நச்சுகளால் மூச்சுக்குழலின் மயிரிழை அணுக்களை அழித்துவிடுகிறது. அவை மீண்டும் வளரும்வரை இருமல் நீடிக்கும். அடுக்கிருமல் தொடங்கிய பிறகு தரும் மருந்து கிருமியைக் கொன்று பிறருக்குப் பரவாமல் தடுக்குமே தவிர இருமலைக் குறுக்குவதில்லை. இதைத் தாயிடம் முன்கூட்டியே சொல்லாவிட்டால், இரண்டாம் வாரத்தில் அவர் வேறு மருத்துவரைத் தேடிப்போவார், அங்கே வேறு மருந்து எழுதப்படும்.

யாரிடமிருந்து, எந்த நாளில்

இந்த நிகழ்வில் மிகுந்த கவனம் தேவைப்பட்டது இந்தப் பகுதிக்குத்தான். தாய்க்கு வயது 23. புகுந்த வீடு மேலூர்ப் பக்கம். முதல் பிரசவம் ஆகையால் ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்கு வந்திருந்தார். வீட்டில் அவருடைய பெற்றோர், அண்ணன், கர்ப்பிணியான மதினி, 19 வயதுத் தங்கை. தங்கை மதுரையில் விடுதியில் தங்கிக் கல்லூரியில் படிப்பவர். அக்காவின் பிரசவத்துக்காகக் குழந்தை பிறப்பதற்கு முதல் நாள் ஊருக்கு வந்தார். மருத்துவமனையில் அக்காவுக்குத் துணையாகத் தங்கியவரும் அவரே. வரும்போதே பத்து நாளாக இருமல் இருந்தது. விடுதித் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டில் நினைத்தார்கள். மெடிக்கல் கடையில் கேட்டு வாங்கிய மாத்திரைகளோடு அவர் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தாய்க்கு மூக்கில் நீர் வடியத் தொடங்கியது பிரசவமான எட்டாம் நாள். குழந்தைக்கு அதே அறிகுறி வந்தது 19ஆம் நாள். அடுக்கிருமலாக அது மாறியது 26ஆம் நாள். இந்த நோய் தொற்றியதிலிருந்து வெளித்தெரிவதற்கு வழக்கமாக 7 முதல் 10 நாள் ஆகும், சில வேளை கூடுதலாகவும் ஆகலாம். அந்தக் கணக்கில் வைத்துப் பார்த்தால் தங்கையிடமிருந்து தாய்க்குத் தொற்றியது பிரசவத்தை ஒட்டிய நாள்களில். தாயிடமிருந்து குழந்தைக்குப் போனது இரண்டாம் வாரத்தில். சளி பிடித்ததுபோல் மட்டும் இருக்கும் முதற்கட்டத்தில்தான் கக்குவான் மிக வேகமாகப் பரவுகிறது. அடுக்கிருமல் வந்து சந்தேகம் எழுவதற்குள் வீடு முழுவதும் அது சுற்றி வந்துவிடுகிறது.

தாயின் பி.சி.ஆர். பரிசோதனையும் நோயை உறுதிசெய்தது. தங்கைக்கு அந்தப் பரிசோதனை செய்யப்படவில்லை, ஏனெனில் இருமல் தொடங்கி ஆறு வாரம் ஆகப்போகும் நிலையில் மூக்கில் கிருமி அகப்படுவது அரிது. எனவே சங்கிலியின் முதல் கண்ணி அவர்தான் என்பது நாள் கணக்கிலிருந்து பெற்ற முடிவு, ஆய்வகம் சொன்னதன்று. தாய்க்கு இரத்தத்தில் எதிர்ப்பான்களை அளந்து பார்ப்பதாலும் பயனில்லை. அண்மையில் போட்ட ஊசியும் அதே எதிர்ப்பான்களைத்தான் உண்டாக்கும்.

அந்த மூன்று ஊசிகள்

கர்ப்ப காலத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போடப்பட்ட இரண்டும் டி.டி. ஊசி என்று மக்கள் இன்றும் சொல்லும் ஊசிகள். முன்பு அது ரண ஜன்னிக்கு மட்டுமானது. இப்போது தொண்டை அடைப்பானுக்கும் சேர்த்து வருகிறது. கக்குவானுக்கான கூறு அதில் இல்லை, என்றும் இருந்ததில்லை. தேசியத் தடுப்பூசி அட்டவணை கர்ப்பிணிக்குத் தருவது இது மட்டுமே. பிக்மி எண் (அரசு கர்ப்பிணிகளைப் பதியும் எண்), நிதியுதவித் தவணை, தடுப்பூசிப் பதிவு எல்லாம் ஒன்றோடொன்று பிணைந்திருப்பதால் நம் ஊர்ப் பெண்கள் அந்தக் கார்டை நகையைப்போல் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்; ஊசி தவறுவது அபூர்வம். அதே ஒழுங்குதான் “எல்லா ஊசியும் போட்டாச்சு” என்னும் நிறைவையும் தருகிறது. சுகாதாரச் செவிலியர் மீது இதில் குறை ஏதுமில்லை. அவர் கையில் கொடுக்கப்பட்ட ஊசியை உரிய நாளில் போட்டிருக்கிறார்.

தாய் குழந்தையாக இருந்தபோது போட்ட முத்தடுப்பு ஊசி எங்கே போயிற்று என்ற கேள்வி இங்கே எழும். அவர் பிறந்த காலத்து அட்டவணையில் ஐந்து வயதில் தரப்பட்டது தொண்டை அடைப்பான், ரண ஜன்னி ஆகிய இரண்டுக்கு மட்டுமான ஊசி. ஆகவே அவருடைய கடைசிக் கக்குவான் தவணை ஒன்றரை வயதில் முடிந்துவிட்டது. தடுப்பூசியால் வரும் கக்குவான் எதிர்ப்பு ஏறத்தாழ 4 முதல் 12 ஆண்டுகளில் தேய்ந்துவிடுகிறது; நோயே வந்து போயிருந்தாலும் வாழ்நாள் முழுவதற்கும் காப்பு இல்லை. 23 வயதில் அவரிடம் குழந்தைக்குக் கொடுக்க எதுவும் மிச்சமிருந்திருக்காது. தங்கையின் நிலையும் அதுவே.

மூன்றாம் ஊசிதான் டீடாப். கக்குவான் கிருமியின் சுத்திகரித்த சில புரதங்களை மட்டும் குறைந்த அளவில் கொண்ட, பெரியவர்களுக்கான முத்தடுப்பு ஊசி அது. குழந்தைகளுக்கு ஐந்து நோய்களுக்குச் சேர்த்துப் போடும் பென்டா ஊசியில் இருப்பது முழுக் கிருமி வகை. காய்ச்சலும் வீக்கமும் அதிகம் என்பதால் அதைப் பெரியவர்களுக்குப் போடுவதில்லை. பிரசவம் நடந்த தனியார் மருத்துவமனையில் மூன்றாம் நாள், வீட்டுக்கு அனுப்பும்போது அந்த ஊசி தாய்க்குப் போடப்பட்டிருந்தது. நோக்கம் சரியானதே. ஆனால் ஊசிக்குப் பிறகு எதிர்ப்பான்கள் போதிய அளவுக்கு உயர ஏறத்தாழ இரண்டு வாரம் வேண்டும். அவை உயர்வதற்கு முன்பே, எட்டாம் நாளில், தாய்க்கு நோய் வெளிப்பட்டுவிட்டது. தொற்றிய நாளோ ஊசி போட்ட நாளுக்கும் முந்தியது.

தங்கையின் இருமல் குறுக்கிடாதிருந்தாலும் பிரசவத்துக்குப் பின் போட்ட ஊசியால் குழந்தைக்கு நேரடியாகக் கிடைத்திருக்கக்கூடியது சொற்பமே. தாயின் எதிர்ப்பான்கள் குழந்தையின் இரத்தத்துக்குப் போகும் வழி நஞ்சுக்கொடி. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில்தான் அந்தப் போக்குவரத்து மிகுதியாக நடக்கிறது. கொடியை அறுத்ததும் அது நின்றுவிடுகிறது. தாய்ப்பாலின் வழியே பின்னர் வரும் எதிர்ப்பான்கள் தொண்டையிலும் குடலிலும் ஓரளவு உதவலாம், இரத்தத்தில் சேர்வதில்லை. ஆகவே பிரசவத்துக்குப் பின் போடும் ஊசி தாய் நோயாளி ஆகாமலிருக்கச் செய்து, அதன்மூலம் மட்டுமே குழந்தையைக் காக்க முயல்கிறது.

இந்த முறை முயன்று பார்க்கப்படாத ஒன்றன்று. அமெரிக்காவில் 2000களின் நடுவில், பிரசவமான தாய்க்கும் குழந்தையைச் சுற்றியுள்ள எல்லோருக்கும் டீடாப் போட்டு அரண் கட்டுவதே பரிந்துரையாக இருந்தது. ஹூஸ்டன் நகரிலிருந்து 2012இல் வெளிவந்த ஆய்வில், தாய்க்கு மட்டும் பிரசவத்துக்குப் பின் போட்டதால் குழந்தைகளின் கக்குவான் குறையவில்லை. வீட்டிலுள்ள அனைவருக்கும் போடுவது செலவிலும் ஏற்பாட்டிலும் நடவாத காரியமாக இருந்தது. பபூன் குரங்குகளில் நடந்த சோதனைகளோ, இந்த வகை ஊசி நோயைத் தடுத்தாலும் மூக்கில் கிருமி தங்குவதையும் அது பிறருக்குப் போவதையும் முழுதாகத் தடுப்பதில்லை என்று காட்டின. 2011இல் அமெரிக்கா கர்ப்ப காலத்திலேயே போடச் சொன்னது; 2012இல் ஒவ்வொரு கர்ப்பத்திலும், 27 முதல் 36 வாரத்துக்குள் என்று மாற்றியது. அதே ஆண்டு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கக்குவானால் குழந்தைகள் இறந்ததைத் தொடர்ந்து, பிரிட்டன் அக்டோபரில் கர்ப்பிணிகளுக்கான திட்டத்தைத் தொடங்கியது. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் அதன் பயன் 91 விழுக்காடு என்று இங்கிலாந்தின் முதல் மதிப்பீடு கண்டது. ஊசி போட்டுக்கொண்ட சுமார் 20,000 கர்ப்பிணிகளை அங்கே கவனித்தபோது குழந்தை இறந்து பிறப்பது கூடவில்லை. கையில் வலி, ஒருநாள் உடம்பு நோவு, சிலருக்கு இலேசான காய்ச்சல் ஆகியவையே வழக்கமான தொந்தரவுகள்.

நம் நாட்டில் மகப்பேறு மருத்துவர்களின் கூட்டமைப்பும் குழந்தை மருத்துவர்களின் சங்கமும் கர்ப்ப காலத்து டீடாப் ஊசியைப் பரிந்துரைக்கின்றன, இரண்டாம் டி.டி.க்குப் பதிலாகவே அதைப் போடலாம், கூடுதல் ஊசியாகக் கருத வேண்டியதில்லை. தடை விலைதான்: தனியாரிடம் ஒரு தவணை ஆயிரம் ரூபாய்க்கு மேல். வளைகாப்புக்குச் செலவழிக்கும் தொகையோடு ஒப்பிட்டு இதைச் சிறிதென்று சொல்லும் மருத்துவர்கள் உண்டு. அந்த ஒப்பீடு எனக்கு உடன்பாடில்லை; சீர் செய்வது அந்த வீட்டின் மானம், ஊசி வாங்கித் தருவது அரசின் பொறுப்பாக இருக்க வேண்டியது. ஆனால் வாங்கக்கூடிய நிலையில் இருந்த இந்தக் குடும்பம் ஊசியை உண்மையில் வாங்கியது. ஆறு வாரமாவது முன்னால் அது போடப்பட்டிருக்கலாம் என்பதே இந்த நிகழ்வில் என் மனத்தை உறுத்துவது. ஏழாம் மாதம் மேலூரிலிருந்து உசிலம்பட்டிக்குப் பெண் இடம்மாறுகிறாள். முன்பு பார்த்த மருத்துவரும் செவிலியரும் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். டீடாப் போட வேண்டிய வாரங்களும் அந்த இடமாற்றமும் நம் வழக்கத்தில் ஒரே நேரத்தில் வருகின்றன. வளைகாப்புக்கு நாள் குறித்ததும், புறப்படுவதற்கு முன்பே புகுந்த வீட்டுப் பக்கத்து மருத்துவர் இந்த ஊசியைப் பற்றிப் பேசிவிடுவது நடைமுறைக்கு ஏற்றது.

கர்ப்பத்தில் போடாமல் விட்டவருக்குப் பிரசவத்துக்குப் பின் போடுவது வீண் என்று இதிலிருந்து எவரும் முடிவுக்கு வர வேண்டாம். தாய் நோயற்று இருந்தால் மூன்றாம் வாரத்திலிருந்து அவர் வழியாகத் தொற்று வரும் வாய்ப்பு குறைகிறது. குழந்தைக்கு ஆறாம் வாரப் பென்டா ஊசியும் அதன் அடுத்த தவணைகளும் வேலைசெய்யத் தொடங்கும்வரை அந்தக் குறைவுக்கு மதிப்புண்டு. அப்படிப் போடுகிறவர்கள் அன்றைக்கே குடும்பத்திடம் சொல்ல வேண்டியது ஒன்றுண்டு: அடுத்த இரண்டு வாரத்துக்கு அந்த ஊசி இல்லாததுபோலவே நடந்துகொள்ள வேண்டும், இருமல் உள்ள எவரும் பிள்ளையைத் தூக்கக் கூடாது. இந்த வீட்டில் அது சொல்லப்படவில்லை. தொட்டில் கட்டிய நாளில் வந்த உறவினர்கள் அத்தனை பேரும் குழந்தையைக் கைமாற்றிக் கொஞ்சினார்கள்; சித்தியின் மடியில்தான் குழந்தை பெரும்பாலும் தூங்கியது.

வீட்டாருக்குச் செய்தவை

நோய் உறுதியான அன்றே, இருமல் இருந்தாலும் இல்லாவிட்டாலும், வீட்டிலுள்ள அனைவருக்கும் ஐந்து நாள் அசித்ரோமைசின் தரப்பட்டது. தாய் முகக்கவசம் அணிந்து பால் பிழிந்து கொடுத்தார். ஐந்து நாள் மருந்து முடிந்ததும், குழந்தை தேறத் தேற நேரடியாகவே பால் கொடுத்தார். தங்கையின் விடுதிக்கும் தகவல் போனது.

அதிக அக்கறை காட்டப்பட்டது 29 வார கர்ப்பிணியான மதினியிடம்தான். கக்குவான் கர்ப்பிணிக்குப் பெரிய தீங்கு செய்வதில்லை. பிறக்கப்போகும் குழந்தைக்காகவே அவர் கவனிக்கப்பட வேண்டும். அசித்ரோமைசினோடு டீடாப் ஊசியும் அவருக்கு அந்த வாரத்திலேயே போடப்பட்டது. ஏற்கெனவே ஒரு டி.டி. போட்டு ஐந்து வாரமே ஆகியிருந்ததால், இப்போது போடலாமா என்று அவர் கணவர் கேட்டார். டி.டி.க்கும் டீடாப்புக்கும் இடையே நெடிய இடைவெளி தேவையில்லை. கார்டில் இரண்டாம் டி.டி. இருக்க வேண்டிய இடத்தில் டீடாப் என்று தெளிவாக எழுதி, செவிலியரிடமும் சொல்லப்பட்டது. எழுதாமல் விட்டால் அவருக்கு மூன்றாவதாக இன்னொரு ஊசி தேவையின்றி விழும்.

ஊசி போட்டுக்கொண்ட தாய்மாருக்குப் பிறந்த குழந்தைகளிடம் பென்டா ஊசியின் சில கூறுகளுக்கு எதிர்வினை சற்றுக் குறைவாக இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. அதனால் பின்னாளில் நோய் கூடியதாகத் தெளிவாகத் தெரியவில்லை. இருப்பினும் அத்தகைய குழந்தைக்குப் பென்டா தவணைகள் நாள் தவறாமல் விழ வேண்டும் என்பதற்கு இது கூடுதல் காரணம்.

நோயுற்ற குழந்தைக்கு 6, 10, 14 வாரப் பென்டா ஊசிகள் வழக்கம்போல் உண்டு; கக்குவான் வந்து போனதால் அவை வேண்டாம் என்றாகாது. வலிப்போ மூளைப் பாதிப்போ இல்லாததால் தள்ளிப்போடவும் காரணமில்லை. முதல் தவணை, வீடு திரும்பிய அடுத்த புதன்கிழமை தாய்வீட்டுப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் போடப்பட்டு, மேலூர்க் கார்டிலேயே பதியப்பட்டது. தாயின் அடுத்த கர்ப்பத்திலும் 27ஆம் வாரத்துக்குப் பின் டீடாப் போட வேண்டும் என்பது மருத்துவமனையின் வெளியேற்றச் சீட்டில் தனி வரியாக எழுதித் தரப்பட்டது.